என்ன வண்டி என்று கேட்டவர்கள்

இடுப்பெலும்பு உடைந்து கிடந்த என்னைப் பார்த்தவர்கள் எல்லாரும் முதலில் கேட்டது ஒரே கேள்விதான். என்ன வண்டி? ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு ஓடியவர் ஓட்டத்திலேயே கேட்டார். எக்ஸ்ரே எடுப்பவர் என்னைப் புரட்டுவதற்கு முன்னால் கேட்டார். விவரம் எழுத வந்த போலீஸ்காரர் எழுதி முடித்து, பேனாவைச் சட்டைப் பையில் சொருகி, குரலைத் தாழ்த்திக் கேட்டார். எலும்பு மருத்துவர் என் பாதத்தைத் தொட்டு உணர்ச்சி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே, "எத்தனை குதிரைசக்தி?" என்றார். பதில் கிடைத்ததும் ஒவ்வொரு முகத்திலும் ஒரு வெளிச்சம் பரவியது. எனக்கு அப்போது வந்த குமட்டல் மருந்தினால் வந்தது என்று நர்ஸ் நினைத்தாள். மருந்தினால் அல்ல.

இப்போது வாக்கரைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் நடக்கிறேன். கட்டிலிலிருந்து சன்னல், சன்னலிலிருந்து கட்டில். நடுவில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். இப்படிக் கிடக்க நேர்கிறவர்களுக்கு அது எப்படி இருக்கும் என்று யாராவது சொல்லவேண்டும். அந்த வண்டியைப் பற்றியும் யாராவது சொல்லவேண்டும்.

என் தம்பி டென்னிசன் வளைகுடாவில் வேலை செய்கிறான். அவன் மகன் ஜெபின் பிளஸ் டூ முடித்தான், பதினெட்டு வயது ஆனது, லைசென்ஸ் வந்தது, அந்த அட்டையின் பளபளப்பு மங்குவதற்குள் வாசலில் கார் வந்து நின்றது. சிவப்பு. தாழ்ந்து, அகன்று, தரையை முகர்ந்து பார்க்கும் மிருகம் மாதிரி. பந்தயச் சாலைக்கென்றே செய்ததை நம்பர் பலகை ஒட்டி ஊருக்குள் விட்டிருந்தார்கள். நாலு பேர் உட்காரலாம் என்று பேர். பின்னால் இருந்தது கைப்பை வைக்கிற இடம்.

"இவ்வளவு வேகம் இவனுக்கு எதுக்குடே?" என்று தம்பியிடம் போனில் கேட்டேன்.

"அக்கா, நாம சைக்கிளுக்கு அழுத காலம் மறந்து போச்சா? எனக்க மோன் அழப்பிடாது" என்றான்.

அழுததற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. சைக்கிள் கிடைக்காத ஒருவன் மகனுக்கு நல்ல சைக்கிள் வாங்கிக் கொடுத்திருக்கலாம்.

எங்கள் சபையில் புது வண்டி வாங்கினால் பிரதிஷ்டை ஜெபம் உண்டு. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வண்டியை ஆலயத்தின் முன்னால் நிறுத்துவார்கள். போதகர் முன்மூடியில் கைவைத்து ஜெபிப்பார். ஸ்கூட்டருக்கும் டிராக்டருக்கும் செய்தது மாதிரியே இதற்கும் செய்தார். வாலிபர் சங்கத்துப் பையன்கள் கண்ணை மூடாமல் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜெபம் முடிந்ததும் லட்டு. லட்டு முடிந்ததும் குடும்பத்தில் மூத்தவளுக்கு முதல் சவாரி. நான்தான் மூத்தவள்.

பூதப்பாண்டிப் பக்கம், அறுவடை முடிந்த நேரம். ஒரு பக்கம் வயல், ஒரு பக்கம் கால்வாய், நடுவில் ஒரு பஸ்ஸும் ஒரு ஆடும் ஒதுங்கிப் போகிற அளவுக்குச் சாலை. வளைவில் வைக்கோல் காயப்போட்டிருந்தார்கள். ஜெபின், "மாமி, பிடிச்சுக்கிடுங்க" என்றான். பிடிக்க ஒன்றும் இல்லை. வண்டியின் பின்பக்கம் வைக்கோலில் வழுக்கி, சுழன்று, நான் இருந்த பக்கமாகக் கால்வாய்ப் பாலத்தின் கைச்சுவரில் போய் அறைந்தது. அவனைச் சுற்றிக் காற்றுப்பைகள் மலர்ந்தன. எனக்கு மலரவில்லை. அவன் முழங்கையில் ஒரு சிராய்ப்பு.

வைக்கோல்காரர் ஓடிவந்து, கதவை நெம்பி, என்னை ஒரு பாயில் ஏந்தி எடுத்தார். ஜெபின் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து, "பேனல் போச்சே, பேனல் போச்சே" என்று அழுதுகொண்டிருந்தான்.

நாகர்கோவிலில் ஒரு தனியார் மருத்துவமனை. பெயர் வேண்டாம், எல்லாவற்றுக்கும் ஒரே டெட்டால் வாசனை. வயிற்றுக்குள் ரத்தம் கசிகிறதா என்று முதலில் ஸ்கேன் பார்த்தார்கள். பிறகு உடம்பைச் சீவல் சீவலாகப் படம் பிடிக்கும் சி.டி. பிறகு மருத்துவர் வந்து விளக்கினார். இடுப்பு என்பது எலும்பால் ஆன ஒரு வளையம். கண்ணாடி வளையலை ஒரு இடத்தில் மட்டும் உடைக்க முடியாது. அழுத்தினால் இரண்டு இடத்தில் போகும். எனக்கும் அப்படி இரண்டு இடம். அதோடு, தொடையெலும்பின் பந்து உட்கார்ந்து சுழலும் கிண்ணம் ஒன்று உண்டு. அந்தக் கிண்ணமும் விரிசல் விட்டிருந்தது.

"நடப்பேனா?" என்று கேட்டேன்.

"நடக்க வைக்கத்தான் பாக்கிறோம்" என்றார். மருத்துவர்களின் தமிழில் அது என்ன காலம் என்று யோசித்துக்கொண்டே படுத்திருந்தேன்.

அறுவை செய்யும் அளவுக்கு உடம்பு தேறும்வரை எலும்பு மேலே ஏறிவிடாமல் இழுத்துப் பிடிக்கவேண்டும். அதற்கு முழங்காலுக்குக் கீழே எலும்பில் ஒரு கம்பியைக் குறுக்காகச் செலுத்தி, கயிறு கட்டி, கட்டிலின் கால்மாட்டில் எடைக்கட்டிகளைத் தொங்கவிட்டார்கள். யாராவது கட்டிலை இடித்துக்கொண்டு போனால் எடை ஆடும். எடை ஆடினால் என் உலகம் ஆடும். மூத்திரத்துக்குக் குழாய். மற்றதற்குப் பாத்திரம். ரத்தம் கட்டியாக உறைந்து நுரையீரலுக்குப் போய்விடாமலிருக்க வயிற்றில் தினமும் ஊசி. தொப்புளைச் சுற்றி நாவல்பழ நிறத்தில் கன்றிய திட்டுகள் பூத்தன. உடம்பு இத்தனை அருவருப்பானது என்று எனக்கு யாரும் சொல்லித்தந்ததில்லை. அழகைப் பற்றித்தான் எல்லாரும் சொல்லித்தந்திருக்கிறார்கள்.

ஷோபா இல்லாவிட்டால் நான் இதில் பாதியைத் தாங்கியிருக்கமாட்டேன். ஷோபா தம்பியின் மனைவி, ஜெபினின் அம்மா. என் வீட்டுக்காரர் கடையைப் பூட்டிவிட்டு வருவதற்கு மாலையாகும், அதுவரை அவள்தான். பாத்திரம் வைத்தாள், கழுவினாள், முதுகில் புண் வராமல் பவுடர் போட்டாள். கை பட்டதே தெரியாமல் புரட்டுவாள். நான் வெட்கத்தில் முகத்தைத் திருப்பினால், "மைனி, எனக்க பிரசவத்துல நீங்க என்னத்தையெல்லாம் பாத்திய. கணக்கு தீரட்டு" என்று சிரிப்பாள். காரைப் பற்றி மட்டும் அவள் பேசவே இல்லை. வந்தவர்கள் கேட்டால், "சிவப்பு கலரு" என்பாள். அவ்வளவுதான்.

தம்பி விமானம் ஏறி வந்தான். என்னைப் பார்த்து அழுதான். அது உண்மையான அழுகை. அழுது முடித்துக் கண்ணைத் துடைத்துவிட்டு, "அந்த வைக்கல் போட்டவன்மேல கேஸ் குடுக்கணும்" என்றான். அதுவும் உண்மைதான்.

அடுத்த நாள் வைக்கோல்காரரே வந்தார். பகவதியப்பன் என்று பெயர். மட்டிப்பழச் சீப்பு ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு கதவருகில் நின்றார். தம்பி எழுந்து நின்றான்.

"ரோட்டுல வைக்கல் போட ஆருவே ஒமக்குப் பர்மிசன் தந்தா?"

"சாறே, அங்ஙன எப்பவும் போடுகதுதான். பஸ்ஸு போவு, லாரி போவு, ஸ்கூல் வேன் போவு. எல்லாரும் அங்ஙன வந்தா பைய போவாவ."

"அப்ப எனக்க மோன்தான் குற்றவாளியா?"

"நான் அப்பிடிச் சொல்லுவனா? பிள்ளைக்கு வைக்கல் பாத்துப் பழக்கம் இல்ல போல."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் இடுப்புக்குள் கண்ணாடி நொறுங்கும். "டென்னி, அவரு இல்லண்ணா நான் அந்தக் காருக்குள்ளயே கெடந்திருப்பேன். பழத்த வாங்கு" என்றேன். அவன் வாங்கவில்லை, ஷோபா வாங்கினாள். பகவதியப்பன் போகும்போது என் கட்டிலருகே குனிந்து, மிகுந்த மரியாதையுடன், "அம்மா, அது என்ன வண்டியாக்கும்?" என்று கேட்டார். நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். திரும்ப முடிந்தது தலை மட்டும்தான்.

அறுவைக்கு முந்தின நாள் தம்பி போதகரை அழைத்து வந்தான். நல்ல மனிதர், இளவயது. கட்டிலைச் சுற்றி எல்லாரும் நின்றோம், நான் கிடந்தேன். ஜெபத்துக்கு முன் எங்கள் வழக்கப்படி அவர் கேட்டார்: "ஜெபக்குறிப்பு ஏதாவது உண்டா?"

தம்பி கையைக் கட்டிக்கொண்டு சொன்னான். "அக்காவுக்க ஆப்பரேசன் நல்லபடியா முடியணும் பாஸ்டர். மோனுக்கு ஒண்ணும் ஆவாம காத்ததுக்கு ஸ்தோத்திரம் சொல்லணும். பின்னே... வண்டிக்க டோரும் பேனலும் வெளிநாட்டுலேருந்து வரணும். கஸ்டம்ஸ்ல தடை இல்லாம வரணும்."

போதகர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார். என் எலும்புக்காக ஜெபித்தார். மருத்துவரின் விரல்களுக்காக ஜெபித்தார். பையனுக்காக நன்றி சொன்னார். குரல் சற்றுத் தடுமாற, "வந்து சேரவேண்டிய உதிரிப் பாகங்களையும் நீர் பொறுப்பெடுத்துக்கொள்ளும் ஆண்டவரே" என்றார். எல்லாரும் ஆமென் சொன்னார்கள். ஷோபா சொல்லவில்லை. அவள் என் விரலைப் பிடித்திருந்தாள். அந்தப் பிடி இறுகியது எனக்குத் தெரிந்தது.

என் இடுப்பையும் ஒரு கார்க் கதவையும் ஒரே மூச்சில் பரலோகத்துக்கு அனுப்பினார்கள். கதவு முதலில் வந்து சேர்ந்தது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எனக்குக் காய்ச்சல் வந்து அறுவை தள்ளிப்போனது.

தள்ளிப்போன அந்த வாரத்தில்தான் ஜெபின் ஒரு மத்தியானம் தனியாக வந்தான். வழக்கமாக வந்தால் போனைப் பார்த்துக்கொண்டிருப்பான். மோதிய வண்டியின் படத்தைப் பெரிதாக்கி, அடுத்த கட்டில் பெண்ணின் தம்பிக்குக் காட்டுவான். அன்றைக்குப் போனைச் சட்டைப் பையில் வைத்துவிட்டு அருகில் உட்கார்ந்தான். திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் ஷோபா துணி பிழிந்துகொண்டிருந்தாள்.

"மாமி, ஒரு காரியம் சொல்லட்டா? அப்பாட்ட சொல்லப்பிடாது."

"சொல்லு மக்கா."

"வண்டியில சறுக்காம பிடிச்சு நிறுத்துக சுவிட்ச் ஒண்ணு உண்டு. அத நான் ஆஃப் பண்ணிருந்தேன்."

"எதுக்குலே?"

"வளைவுல பின்பக்கத்த ஒண்ணு வீசி எடுத்தா செமையா இருக்கும். வீடியோ எடுத்திட்டிருந்தேன்."

பயந்து சொல்கிறான், நல்லதுதான், இனி பிழைத்துக்கொள்வான் என்று நினைத்தேன். "இனிமே அத ஆஃப் பண்ணுவியா?" என்று கேட்டேன்.

அவன் நேர்மையான பையன். யோசித்தான். யோசித்துவிட்டுச் சொன்னான்: "அது ஆஃப் பண்ணாத்தான் மாமி வண்டிக்க சொகமே."

திரைக்குப் பின்னால் துணி பிழியும் சத்தம் நின்றது.

அவன் கெட்டவன் என்றால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவன் பதினெட்டு வயது, அவ்வளவுதான். மரணம் என்பது அந்த வயதில் அடுத்த தெருக்காரர்களுக்கு வருவது. அது இவன் வீட்டு மாமியின் இடுப்புவரை வந்து தட்டிவிட்டுப் போயிருக்கிறது. அப்போதும் இவனுக்குச் சத்தம் கேட்கவில்லை.

தம்பி அதற்குள் வேலைக்குத் திரும்பிப் போயிருந்தான். எல்லா ஆஸ்பத்திரிக் கட்டணத்தையும் போனைத் தட்டியே கட்டிவிட்டான். காசு விஷயத்தில் அவனைக் குறை சொல்ல முடியாது. அவனைக் கூப்பிட்டுச் சொன்னேன். பையனுக்குக் கொடுத்த வாக்கை மீறித்தான் சொன்னேன். மறுமுனையில் ஒரு சிரிப்பு.

"அந்த சுவிட்ச் எங்க இருக்குண்ணு எனக்கே தெரியாது அக்கா. வண்டி தெரிஞ்ச பயலாக்கும் அவன்."

பெருமை. அந்தச் சொல்லில் பெருமை இருந்தது. போனைக் கட்டிலில் போட்டேன். நர்ஸிடம் கிண்ணம் கேட்டு வாந்தி எடுத்தேன்.

அறுவையன்று மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவர் வந்தார். என் எடை என்ன, வயது என்ன, சர்க்கரை உண்டா, ஆஸ்துமா உண்டா, பல் ஆடுகிறதா, முன்பு எந்த மருந்துக்காவது உடம்பு தடித்ததா. ஒவ்வொன்றாகக் கேட்டார். முதுகெலும்புக்குள் செலுத்தப்போகிற ஒரு சிறு குழல் மருந்துக்கு அத்தனை கேள்வி. அளவு கொஞ்சம் கூடினால் மூச்சு நின்றுவிடும் என்பதால் கேட்கிறார்கள். அந்தக் காரை விற்றவன் ஜெபினிடம் என்ன கேட்டிருப்பான்? என்ன நிறம் வேண்டும் என்று கேட்டிருப்பான். அதற்குமேல் ஒன்றும் இல்லை. பதினெட்டு வயதுக்கு எவ்வளவு வேகம் தாங்கும் என்று அளந்து கொடுக்க ஒரு ஆள் இல்லை. சட்டம் வயதைக் கேட்டது; வயது இருந்தது. காசு கேட்டார்கள், காசு இருந்தது. தகப்பனுக்கு ஆசை, மகனுக்கு ஆசை, சபைக்கு லட்டு. எல்லாம் முறைப்படி. இந்த முறைதான் எனக்குக் குமட்டுகிறது. முறைகேடாக இருந்திருந்தால் பிடித்துக் கேட்டிருக்கலாம்.

இடுப்புக்குக் கீழே மரத்துவிட, மேலே விழித்திருந்தேன். உள்ளே துளை போடும் சத்தம் கேட்டது, தச்சுப்பட்டறை மாதிரி. தகடு வைத்து ஸ்குரூ முடுக்கினார்கள். வலி இல்லை; ஆனால் ஒவ்வொரு முடுக்கலுக்கும் என் உடம்பு மேசையில் அசைவது தெரிந்தது. திரைக்கு அப்பால் உதவி மருத்துவர் ஒருவர் மெதுவாகக் கேட்டார்: "சார், அந்த ரெட் கார் கேஸ்தானே இது?"

நான் ஒரு கார் கேஸ்.

ஒன்றரை மாதத்துக்குப் பிறகு வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். உடைந்த பக்கக் காலைத் தரையில் ஊன்றக்கூடாது. தாழ்ந்த இருக்கையில் உட்காரக்கூடாது, இடுப்பு மடங்கினால் கிண்ணத்திலிருந்து பந்து நழுவும் என்று பிசியோதெரபி பெண் திரும்பத் திரும்பச் சொன்னாள். என் வீட்டுக்காரர் இருக்கை உயரமான ஒரு ஆட்டோவைப் பேசி, முட்டாகத் தலையணை வைத்து, வாசலில் நிறுத்தியிருந்தார்.

ஆட்டோவுக்கு முன்னால் அது நின்றது. சிவப்பாக. புதுக் கதவோடு, தழும்பே இல்லாமல். காவலாளியும் இரண்டு வார்டு பையன்களும் அதோடு படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஜெபின் கதவைத் திறந்துபிடித்து, "கேறுங்க மாமி" என்றான். மற்றக் கையில் போன். போனில் தம்பியின் முகம்.

"அக்கா, அதே வண்டியில கேறி வந்தாத்தான் பயம் தெளியும். வாற ஞாயிறு சபையில ஒரு சாட்சியும் சொல்லிருங்க. ஆண்டவர் காத்தாருண்ணு."

"அந்த சீட்டுல குனிஞ்சு உக்காந்தா ஆண்டவர் காத்தது திரும்பவும் கழண்டுரும்லே" என்றேன்.

சக்கர நாற்காலியை ஆட்டோவின் பக்கம் தள்ளச் சொன்னேன். என்னைத் தூக்கி ஏற்றினார்கள். என் துணிமூட்டையும் ஷோபாவின் பையும் காரின் பின்சீட்டில் ஏற்கெனவே இருந்தன. ஷோபா போய் இரண்டையும் வெளியே எடுத்தாள்.

"எம்மா, நீ எங்க போற?" என்றான் ஜெபின்.

"மைனிக்கக்கூட."

"அப்ப நான் ஒத்தைக்கா?"

ஷோபா கையை நீட்டினாள். "சாவியத் தா."

"எம்மா, எல்லாரும் பாக்காவ."

"பாக்கட்டு. சாவியத் தா. தந்தா உனக்கக்கூட பஸ்ஸுல வாறேன். இல்லண்ணா நீ அந்த சவத்துக்கக்கூட இரி. நான் மைனிக்க வீட்டுல இருப்பேன்."

"ஷோபா!" என்றது போன். "ஏட்டி, என்ன கூத்து காட்டுக? வண்டியில கேறு."

"உங்களுக்க சுவிட்ச எப்பவோ ஆஃப் பண்ணியாச்சு" என்று சொல்லி, மகன் கையிலிருந்த போனை ஒரு விரலால் அணைத்தாள். பிறகு என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, ஆட்டோக்காரரிடம், "பைய போங்க அண்ணாச்சி" என்றாள். நாங்கள் கோட்டாறு தாண்டும்வரை அவள் உடம்பு நடுங்கிக்கொண்டே இருந்தது. அந்த நடுக்கம் என் எலும்பு வழியாக எனக்குத் தெரிந்தது.

அன்றிலிருந்து அவள் இங்கேதான் இருக்கிறாள். தம்பி தினமும் கூப்பிடுகிறான். முதலில் அதட்டினான், பிறகு கெஞ்சினான், பிறகு போதகரை அனுப்பினான். போதகர் வந்து தேநீர் குடித்துவிட்டு, "சிஸ்டர், நான் இதுல ஒண்ணும் சொல்லல்ல" என்று போனார். அவர் மேல் எனக்கு அன்று மரியாதை வந்தது.

ஜெபின் சாப்பிட வருவான். காரில் வந்தால் ஷோபா கேட்டைத் திறப்பதில்லை. கேட்டுக்கு வெளியே நின்று ஹாரன் அடித்துப் பார்த்தான். ஓட்டலில் சாப்பிட்டுப் பார்த்தான். வண்டியைத் தெருமுனையில் மறைத்து நிறுத்திவிட்டு நடந்து வந்தான். அவள் மொட்டைமாடியில் ஏறிப் பார்த்துவிட்டு இறங்கி, கதவைச் சாத்தினாள். உள்ளே வந்து என் கால்மாட்டில் உட்கார்ந்து அழுதாள். "எனக்க பிள்ளைய நானே பட்டினி போடுகேன் மைனி." பட்டினி கிடந்த பிள்ளைக்கு நாளைக்கும் சோறு போடலாம், செத்த பிள்ளைக்குப் போட முடியாது என்று சொன்னேன்.

நேற்று மத்தியானம் அவன் பஸ்ஸில் வந்தான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. முகம் சிறுத்திருந்தது. ஷோபா கேட்டைத் திறந்தாள். தட்டு வைத்தாள், சோறு வைத்தாள், அவித்த கிழங்கு வைத்தாள். நெத்திலிக் குழம்புச் சட்டியில் கரண்டியை விட்டு எடுத்துக்கொண்டு, ஊற்றாமல் நின்றாள்.

"வண்டி எங்க?"

"ஷெட்டுல."

கரண்டி அங்கேயே நின்றது. அவன் இடதுகையைப் பையில் விட்டு, சாவியை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தான். கறுப்பாக, கொழுத்து, நடுவில் வெள்ளி முத்திரையோடு ஒரு பூச்சி மாதிரி கிடந்தது. எனக்கு அதைப் பார்க்கவே உடம்பு கூசியது. ஆனாலும் மூச்சு விட்டேன். முடிந்தது என்று நினைத்தேன். அவனும் அப்படித்தான் நினைத்திருப்பான்; சோற்றைப் பிசையத் தொடங்கிவிட்டான்.

ஷோபா சாவியை எடுத்து முந்தானையில் முடிந்தாள். கரண்டியைச் சாய்க்கவில்லை.

"புது வண்டிக்கு ரெண்டு சாவி தருவாவளே மக்கா" என்றாள். "மத்தது?"

ஜெபினின் கை சோற்றிலேயே நின்றது.